சித்தியின் 2,991 நாட்களும் என் ஒரு சொல்லும்

எங்கள் சித்தி கார் ஓட்டிப் பிழைப்பவர். இதைக் கேட்டதும் நெடுஞ்சாலை, வேகம், காற்றில் பறக்கும் தலைமுடி என்றெல்லாம் கற்பனை செய்ய வேண்டாம். நான் செய்து ஏமாந்துவிட்டேன். சித்தி ஓட்டும் அதிகபட்ச தூரம், ஒரு கட்டடத்தின் நிலத்தடி இரண்டாம் தளத்திலிருந்து அதன் வாசல் வரை. அதற்கு ஒன்பது நிமிடம் எடுத்துக்கொள்வார். நடந்தால் மூன்று.

அது ஒரு கார் காப்பகம். விலை உயர்ந்த வண்டி வாங்கிவிட்டு, அதை நிறுத்த வீட்டில் இடம் இல்லாதவர்கள் அங்கே கொண்டுவந்து விடுவார்கள். வேண்டும் என்கிறபோது போன் செய்தால், சித்தி வண்டியை மேலே கொண்டுவந்து, கழுவவைத்து, வாசலில் நிறுத்துவார். மணிக்கு முந்நூறு கிலோமீட்டர் போகக்கூடிய வண்டிகளையெல்லாம் சித்தி ஓட்டியிருக்கிறார். அவற்றின் இரண்டாம் கியர் எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியாது. வேலை முடிந்ததும் பேருந்தில் நின்றுகொண்டு வீட்டுக்கு வருவார். வாசலில் செருப்பைக் கழற்றினால்கூட இரண்டும் சுவருக்கு இணையாக நிற்கும். சித்தப்பாவின் செருப்பு அதை உரசி நின்றால் அன்று வீட்டில் ஒரு பேச்சு உண்டு.

காப்பகத்தில் அவருக்குப் பெயர் பஞ்சு. வண்டியைப் பஞ்சு வைக்கிற மாதிரி வைப்பார் என்பதால். அங்கே இன்னொரு ஓட்டுநரும் உண்டு. அவர் பெயர் தூண். ஏன் என்று நான் கேட்கவில்லை. இரண்டாம் தளத்தில் மூன்று தூண்களில் வெவ்வேறு நிறத்தில் பெயின்ட் ஒட்டியிருந்ததைப் பார்த்ததும் புரிந்துகொண்டேன்.

வாசல் சுவரில் ஒரு பலகை உண்டு. ‘சேதமில்லாத நாட்கள்’ என்று தலைப்பு. கீழே இரண்டு வரிசை. எண் எழுதிய தகடுகளைக் கொக்கியில் மாட்டலாம், கழற்றலாம். தூணுடைய வரிசையில் 64 இருந்தது. சித்தியுடையதில் 2,991. எட்டு வருடத்துக்கும் மேலாக, தினமும் காலையில் வந்ததும், கைப்பையைக்கூட வைக்காமல், பழைய தகட்டைக் கழற்றிப் புதிய தகட்டைச் சித்தியே மாட்டுவார். விடுமுறை நாட்களையும் அடுத்த நாள் சேர்த்துவிடுவார்.

"லீவு நாள்ல வீட்ல தூங்கினதுக்கும் எண்ணிக்கை ஏறுது பாரு, இதுவல்லவா சாதனை" என்பார் சித்தப்பா.

"நீங்க தூங்கும்போதே கட்டில்ல இடிச்சுக்கிறீங்க. உங்களுக்குப் பலகை வெச்சா ஒன்னத் தாண்டாது" என்பார் சித்தி.

இந்த எண்ணுக்கு ஒரு அர்த்தம் இருந்தது. யாருடைய வரிசை முதலில் மூவாயிரத்தைத் தொடுகிறதோ அவர்தான் தளத்துக்குத் தலைமை என்று முதலாளி எல்லோர் முன்னாலும் சொல்லியிருந்தார். தலைமை என்றால் தனி மேசை, வண்டிச் சாவிகள் இருக்கும் பெட்டியின் பொறுப்பு, எல்லாவற்றுக்கும் மேலாக, தூணுக்கு உத்தரவு போடும் உரிமை. இன்னும் ஒன்பதே நாள். சித்தி மேசைக்கு ஒரு விரிப்புகூடத் தைத்து வைத்துவிட்டார்.

அந்தச் சமயத்தில்தான் நான் போய்ச் சேர்ந்தேன்.

என்னைப் பற்றியும் கொஞ்சம் சொல்லவேண்டும், ஏனென்றால் விபத்து நான்தான். பள்ளி முடித்து மூன்று மாதம் ஆகியிருந்தது. அடுத்து என்ன என்று தெரியவில்லை. தையல் வகுப்புக்கு ஒன்பது நாள் போனேன், கணினி வகுப்புக்கு நாலு நாள். பள்ளியில் நான் வாங்கிய ஒரே பரிசு தமிழ்ப் பேச்சுப் போட்டிக்கு, அதுவும் இரண்டாம் பரிசு. முதல் பரிசை வாங்கியவள் அதை அன்றே மறந்துவிட்டாள். நான் மறக்கவில்லை. இனி ஆங்கிலச் சொல்லே வாயில் வராது என்று சபதம் எடுத்து மூன்று வாரமாகக் காப்பாற்றி வந்தேன். ஃபேனைப் போடச் சொல்லும் அம்மாவிடம் "மின்விசிறிம்மா" என்று திருத்துவேன். நான் சொல்லி முடிக்கும்வரை அம்மா வியர்த்துக்கொண்டிருப்பாள்.

"இவள உன்னோட கூட்டிட்டுப் போயேன். இங்க என்னத் திருத்திக்கிட்டே இருக்கா" என்று அம்மா சித்தியிடம் சொன்னாள்.

"வாடி புலவரே" என்றார் சித்தி. அன்றிலிருந்து என் பெயர் அது.

நான் போன மூன்றாம் நாள், மாலை ஆறு மணிக்கு ஒரு மஞ்சள் ஸ்போர்ட்ஸ் கார் வேண்டும் என்று போன் வந்தது. அந்தக் கார் ஒரு அம்மாவுடையது. வந்து எடுத்துப்போவது அவருடைய கணவர். காப்பகத்தில் அவரைக் கைக்குட்டை என்பார்கள். வந்ததும் சட்டைப்பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து, ஓட்டுநர் பக்கத்து முன்சக்கரத்தைக் குனிந்து ஒரு துடை துடைத்துவிட்டுத்தான் கதவைத் திறப்பார். வண்டி மேல் அவ்வளவு பிரியம் என்று நினைத்திருந்தோம்.

மதியம் ஒரு மணிக்குச் சித்தி வண்டியைக் கழுவுவதற்கு மேலே எடுத்தார். மேலே வரும் சரிவுப் பாதை குறுகலானது. இரண்டு பக்கமும் முழங்கால் உயரத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஓரக்கல். நடுவில் ஒரு வளைவு. அந்த மஞ்சள் கார் தரையோடு தரையாக இருக்கும். உள்ளே உட்கார்ந்தால் வானம் தெரியும், ஓரக்கல் தெரியாது. அதனால் சித்தி அந்த வளைவில் மூன்று தடவை நிறுத்தி இறங்குவார். சக்கரத்துக்கும் கல்லுக்கும் நடுவே கையை நுழைத்துப் பார்ப்பார். நான்கு விரல் நுழைந்தால் முன்னால் போகலாம். மூன்றுதான் நுழைகிறது என்றால் பின்னால் எடுத்து மறுபடி வரவேண்டும். எட்டு வருடமும் அந்த நான்கு விரலில்தான் நின்றது.

அன்று சித்திக்கு முழங்கால் வலி. முதல் தடவை இறங்கி ஏறும்போதே முனகினார்.

"ஏன் சித்தி சும்மா சும்மா இறங்கறீங்க? நான் எதுக்கு இருக்கேன்? முன்னாடி நின்னு பாத்துச் சொல்றேன்."

சித்தி என்னை ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு, எட்டு வருடத்தில் முதல்முறையாக, கதவைச் சாத்திக்கொண்டார்.

நான் வளைவில் வண்டியைப் பார்த்தபடி நின்றேன். வண்டி மெதுவாக ஏறியது. அதன் வலப்பக்கச் சக்கரம் கல்லை நோக்கி வருவதைப் பார்த்தேன். இடப்பக்கம் ஒடிக்கவேண்டும். வேறு யாராக இருந்தாலும் "லெஃப்ட்டு, லெஃப்ட்டு" என்று கத்தியிருப்பார்கள். எனக்குச் சபதம் இருந்தது. நெஞ்சை நிமிர்த்தி, பேச்சுப் போட்டிக் குரலில் சொன்னேன்:

"இடம், சித்தி, இடம்."

சித்தி தலையாட்டினார். வண்டி நேராக வந்தது.

"இடம், சித்தி. இடம், இடம்."

சித்தியின் முகத்தில் ஒரு சிரிப்பு வந்ததை இன்றும் மறக்க முடியவில்லை. பரவாயில்லையே, பெண்ணுக்குக் கண் அளவு நன்றாக இருக்கிறதே என்ற சிரிப்பு. தைரியமாக இன்னும் கொஞ்சம் மிதித்தார். நான் இன்னும் உரக்க, "இவ்வளவு இடம் சித்தி" என்று கைகளை விரித்தேன்.

தட்டில் கரண்டியைப் போட்டு இழுத்த மாதிரி ஒரு சத்தம்.

சித்தி இறங்கிவந்து பார்த்தார். பத்துக் கம்பிகள் விரிந்த அழகான அலுமினியச் சக்கரம். அதன் விளிம்பில், பளபளப்பு போய், சாம்பல் நிறத்தில் ஒரு கடி. சித்தி அதன்மேல் கையை வைத்தார். சரியாக நான்கு விரல் நீளம்.

"நீ என்ன சொன்ன?"

"இடம்னு சொன்னேன்."

"இடம் எங்கடி இருந்தது?"

"இடம்னா அந்த இடம் இல்ல சித்தி. இடப்பக்கம். இடது." இடது கையைத் தூக்கிக் காட்டினேன். "லெஃப்ட்டு."

மூன்று வாரச் சபதம் அங்கே முடிந்தது.

"அத மொதல்லயே சொல்றதுக்கென்ன?"

"நல்ல தமிழ்ல சொன்னேன் சித்தி."

"நானும் நல்ல தமிழ்லதான் கேட்டேன்" என்றார் சித்தி.

வண்டியை ஒரு மூலையில் நிறுத்திவிட்டு, யாரையோ கூப்பிட வெளியே போனார். நான் தனியாக அந்தச் சக்கரத்தோடு இருந்தேன். புத்திசாலிகளைத் தனியாக விடக்கூடாது. என் பையில், பள்ளியில் அட்டைகளுக்குத் தலைப்பு எழுதுகிற வெள்ளி நிறப் பேனா ஒன்று இருந்தது. சக்கரமும் வெள்ளி, பேனாவும் வெள்ளி. உட்கார்ந்து பொறுமையாகத் தீட்டினேன். முடித்துவிட்டு எட்டி நின்று பார்த்தால், முன்பு கடித்த மாதிரி இருந்தது, இப்போது கடித்த இடத்தில் யாரோ தலைப்பு எழுதிய மாதிரி இருந்தது.

சித்தி கூட்டிவந்தவர் மூன்று கடை தள்ளிச் சக்கரம் சரிசெய்கிறவர். தெருவில் அவரைப் பல்டாக்டர் என்பார்கள். சொத்தையைச் சுரண்டி அடைப்பதுதான் அவருடைய வேலையும். கையோடு கொண்டுவந்த முக்காலியைப் போட்டு உட்கார்ந்தார்.

"இது என்னக்கா, மேல ஏதோ பூசியிருக்கு?"

சித்தி என்னைப் பார்த்தார். நான் வளைவைப் பார்த்தேன்.

"சரி, புரியுது" என்று சொல்லிவிட்டுப் பல்டாக்டர் ஒரு துணியில் ஏதோ திரவத்தைத் தொட்டு என் ஓவியத்தைத் துடைத்தெடுத்தார். பிறகு கட்டைவிரல் நகத்தால் கடியின் குறுக்கே கீறினார். "நகம் மாட்டுது பாருங்க. மாட்டலைன்னா பாலிஷ் போட்டுத் தேச்சுடலாம். இது ஆழம். அதுவும் இந்தச் சக்கரத்தோட முகம் லேத்ல வெட்டினது. கிட்டப் பாத்தா நூல் மாதிரி வட்ட வட்டமா கோடு தெரியும். டயரக் கழட்டி, அடைச்சு, பெயின்ட் அடிச்சு, சூடு காட்டி, மறுபடி லேத்ல வெட்டி, மேல வார்னிஷ் போடணும். ரெண்டு நாள்."

"புதுசு?"

"சொன்னா வரும். மூணு வாரம்."

"ஆறு மணிக்கு வண்டி போகணும்."

பல்டாக்டர் தாடையைச் சொறிந்தார். "ஒன்னு பண்ணலாம். அடைச்சு, உப்புத்தாள் போட்டு, கையாலயே பெயின்ட் அடிச்சுக் குடுக்கறேன். மூணு மணி நேரம். நிழல்ல தெரியாது. வெயில் பட்டா அந்த இடம் மட்டும் கோடு இல்லாம திட்டா தெரியும். ஆறு மணிக்கு எங்க வெயில்? மூணுக்குள்ள ஆரம்பிக்கணும், அவ்வளவுதான்."

பேசிக்கொண்டே கம்பிகளின் பின்பக்கம் விரலைவிட்டுத் துழாவியவர், சட்டென்று குனிந்து டார்ச் அடித்துப் பார்த்தார். பின்பக்கத்தில் ஒரு சிவப்புப் பொட்டு.

"அட, இது நம்ம புள்ளதான். ஏற்கெனவே ஒரு தடவை நான் வெட்டியிருக்கேன். வெட்டினா ஒரு பொட்டு வெப்பேன். ரெண்டு பொட்டுக்கு மேல வெட்ட மாட்டேன், சக்கரம் மெலிஞ்சிடும். இதக் கொண்டுவந்தவர் ரொம்ப அவசரப்பட்டாரு. வீட்டுக்குத் தெரியக்கூடாதுன்னாரு. அப்பகூட ஒரு கைக்குட்டைய வெச்சு நெத்தியத் தொடச்சுக்கிட்டே இருந்தாரு."

அவர் முக்காலியை எடுத்துக்கொண்டு, மூன்று மணிக்குள் சொல்லச் சொல்லிவிட்டுப் போனார்.

மணி இரண்டேகால். சித்தி வாசலுக்குப் போய்ப் பலகைக்கு எதிரே நின்றார். நானும் போனேன். சித்தி பெரிய நியாயவாதி, கொஞ்சமும் யோசிக்கவில்லை என்று எழுதினால் நன்றாக இருக்கும், ஆனால் அது பொய். நன்றாக யோசித்தார். 2,991-ஐப் பார்த்தார். பிறகு வானத்தைப் பார்த்தார்.

"ஆறு மணிக்கு வெயில் இருக்குமாடி?"

"இருக்காது சித்தி. மேகமா வேற இருக்கு." அந்த நேரத்தில் நான் நிலவுகூடக் காட்டியிருப்பேன்.

"ம்."

அரை மணி நேரம் அப்படியே நின்றோம். இரண்டே முக்காலுக்கு ஒரு வாடகை வண்டி வந்து நின்றது. கைக்குட்டை இறங்கினார். வேலை சீக்கிரம் முடிந்துவிட்டதாம்.

சித்தி ஒரு பெருமூச்சு விட்டார். "வாங்க சார், ஒன்னு காட்டணும்" என்று அவரை மூலைக்கு அழைத்துப்போனார். "நான்தான் சார் உரசிட்டேன். ஒரு மணிக்கு, வளைவுல."

அவர் கோபப்படுவார் என்று நான் இரண்டடி பின்னால் போனேன். அவர் கோபப்படவில்லை. முகம் வெளிறி, குனிந்து, அந்தச் சக்கரத்தையே பார்த்தார்.

"அடியில பழசு ஏதாவது தெரியுதா?" என்று மெல்லக் கேட்டார்.

"சிவப்புப் பொட்டு இருக்கு சார்."

கைக்குட்டை வெளியே வந்தது. "அம்மா, இத நீங்க எழுதுவீங்களா?"

"பதிவேட்டுல எழுதணும். வண்டிக்காரங்க வீட்டுக்குக் கடிதம் போகும்."

"எழுதாதீங்க. கடிதம் போனா அவ சக்கரத்தக் கழட்டிப் பாக்கச் சொல்லுவா. அந்தப் பொட்டு... நான் இத்தன நாள் காப்பாத்தினது. யாராவது கையாலயே பூசித் தர்றவங்க இருக்காங்களா?"

"இருக்காரு சார், மூணு கடை தள்ளி" என்றேன் நான். "நிழல்ல தெரியாது."

சித்தி திரும்பிப் பார்த்த பார்வையில் என் வாய் தானாக மூடிக்கொண்டது. ஆனால் யோசித்துப் பாருங்கள். வண்டியை எடுக்க வந்தவரே கெஞ்சுகிறார். சரிசெய்கிறவர் தயார். நான் எப்போதும் தயார். தடையாக நின்றது சித்தி ஒருவர்தான், அவருக்குத்தான் அதனால் நஷ்டம்.

"சார், அந்தப் பலகையப் பாத்தீங்களா? அத தினம் காலையில நான்தான் மாத்தறேன். இன்னைக்கு எழுதலன்னா நாளைக்கு ரெண்டாயிரத்து தொள்ளாயிரத்துத் தொண்ணூத்திரண்டுன்னு என் கையாலயே மாட்டணும். அதுக்கடுத்த நாளும் மாட்டணும். முதலாளி மாட்டறதா இருந்தா ஒருவேளை நான் சும்மா இருந்திருப்பேன்." கொஞ்சம் நிறுத்தி, "அவர் ஏன் அத மாட்டல?" என்று தனக்குள் எரிச்சலாகச் சொல்லிக்கொண்டார்.

பதிவேடு முதலாளியின் அறையில் இருந்தது. சித்தி நின்றபடியே எழுதினார். வண்டி, நேரம், சேதம். முதலாளி மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தார்.

"காரணம்னு போட்டிருக்கிற இடத்துல என்னம்மா இது? ‘தமிழ்’னு எழுதியிருக்கு?"

"அதுதான் காரணம்" என்றார் சித்தி.

நான் விளக்கினேன். இடம் என்றால் இடப்பக்கம் என்றும் பொருள், இலக்கியத்தில் வரும் என்றும் சொன்னேன். முதலாளி பொறுமையாகக் கேட்டார்.

"இடம்னா இடம்தானே?" என்றார். பிறகு சித்தியிடம், "கத்தினது இவ. இவ பேர எழுதிடலாமே?"

"எழுதுங்க. என் தப்புதான்" என்றேன். நிஜமாகவே சொன்னேன். இதை ஒரு தியாகமாக யாராவது எடுத்துக்கொள்வார்கள் என்றும் எதிர்பார்த்தேன்.

"இவளுக்கு ஏது பலகை? ஸ்டீயரிங் என் கையில இருந்தது. இறங்கிக் கைய விட்டுப் பாக்காதது நான்" என்றார் சித்தி.

கடிதம் போகும்வரை காத்திருக்காமல், அந்த அம்மாவுக்குச் சித்தியே போன் செய்தார். கைக்குட்டை பக்கத்தில் நின்று, "என்னோடதையும் உங்களோடதோட சேர்த்து ஒன்னா சொல்லிட முடியுமா?" என்று சைகையும் முணுமுணுப்புமாகக் கேட்டார். சித்தி கையால் போன் வாயைப் பொத்தி, "ஒன்னு என்னோடது, ஒன்னு உங்களோடது" என்றார். தன்னுடையதைச் சொன்னார். பிறகு போனை அவரிடம் கொடுத்தார். அந்த அம்மாவின் குரல் பெரியது. எங்களுக்கும் கேட்டது.

"பழசு எனக்கு அன்னைக்கே தெரியுமே. நாலு சக்கரம் இருக்கு, நீங்க எப்பவும் அது ஒன்னத்தானே தொடைக்கிறீங்க. இன்னும் ஒரு தடவை வெட்டலாம்னா வெட்டட்டும். பஸ்ல வாங்க."

அவர் கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்தார். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு நன்றாக மூச்சுவிட்ட மாதிரி இருந்தது.

சித்தி பலகைக்குப் போனார். நான் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். "நீ தள்ளி நில்லு, உனக்கு இங்க இடம் இல்ல" என்றார். சொல்லிவிட்டு, தான் என்ன சொன்னோம் என்பது உறைத்து, ஒரு கணம் சிரிப்பதா வேண்டாமா என்று நின்றார். சிரிக்கவில்லை. நாலு தகடுகளையும் கழற்றினார். சேதம் நேர்ந்த அன்று மட்டும் மாட்டுகிற தனிப் பூஜ்யத் தகடு, தகடுப் பெட்டியின் அடியில், புத்தம் புதிதாக இருந்தது. தூண் எப்போதும் தன்னுடைய பூஜ்யத்தைத்தான் எடுத்துப் பயன்படுத்துவார். இது சித்திக்கென்று வைத்த பூஜ்யம். அதை மாட்டிவிட்டு, நேராக இருக்கிறதா என்று தள்ளி நின்று பார்த்து, ஒரு விரலால் சரிசெய்தார்.

தூண் வந்து பார்த்துவிட்டுத் தன் வரிசையை இன்னொரு தடவை படித்தார். அறுபத்து நான்கு நாளோடு அந்தக் காப்பகத்திலேயே பத்திரமான ஓட்டுநர் அன்று அவர்தான்.

சித்தி நாலு நாள் என்னோடு பேசவில்லை. பேருந்தில் நான் இடப்பக்கம் நின்றால் அவர் வலப்பக்கம் போய் நின்றார். ஐந்தாம் நாள் காலையில், "மேச விரிப்ப உங்கம்மாகிட்டக் குடு, டிவி மேல போடட்டும்" என்றார். பேச்சு வந்துவிட்டது என்று புரிந்துகொண்டேன்.

முதலாளி வார்த்தை மாறவில்லை. மூவாயிரம் என்றால் மூவாயிரம்தான். தலைமை மேசை இன்னும் காலியாக இருக்கிறது, அதன்மேல் தூண் சாப்பாட்டுப் பையை வைக்கிறார். சித்தி கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறார். "மறுபடி மூவாயிரம் வரும்போது எனக்கு அம்பத்தஞ்சு. அப்ப கல்லே தெரியுதான்னு பாக்கணும்."

மஞ்சள் கார் இரண்டாவது சிவப்புப் பொட்டோடு வந்து அதன் இடத்தில் நிற்கிறது. வளைவில் ஒரு அறிவிப்பு எழுதும் வேலையை முதலாளி எனக்குக் கொடுத்தார். திசையைக் குறிக்கும் சொற்களில் பொருள் மயக்கம் நேராவண்ணம் கவனம் கொள்க என்று வெள்ளிப் பேனாவால் அழகாக எழுதினேன். சித்தி படித்துவிட்டு, அட்டையைத் திருப்பி, பின்பக்கம் தன் கையெழுத்தில் எழுதி ஒட்டினார்: ‘இறங்கிப் பார்.’

சித்தியின் முழங்கால் வலி இன்னும் போகவில்லை. அதனால் வளைவில் இப்போது இறங்கிக் கையை நுழைப்பது நான். சித்தியின் விரல்களைவிட என் விரல்கள் மெல்லியவை. என் நான்கு விரல் என்பது அவருடைய மூன்றரைதான் என்று அவரே ஒரு நாள் அளந்து கண்டுபிடித்தார். ஆகவே நான் ஐந்து விரல் வைக்கிறேன், கட்டைவிரலையும் சேர்த்து. வண்டிக்குள்ளிருந்து குரல் வரும்:

"என்னடி, இடம் இருக்கா?"

நான் வாயைத் திறப்பதில்லை. கையை மட்டும் தூக்கிக் காட்டுகிறேன்.

இன்று காலை பலகையில் நாற்பத்தொன்று.